சோற்றுத்தட்டருகே உறுமும் நாய்: அச்சத்தைப் போக்கும் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாள் முழுதும் காலைச் சுற்றிக்கொண்டு திரியும் நாய், தட்டில் வாய் வைத்தவுடன் வேறு நாயாகிவிடுகிறது என்பது நாய் வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் புகார். பக்கத்தில் போனால் உறுமுகிறது. தட்டை நகர்த்தினால் பல்லைக் காட்டுகிறது. கீழே விழுந்த எலும்பை எடுக்கக் குனிந்தால் பாய்கிறது. சோறு போடுகிற கையையே கடிக்க வருகிறதே என்று வீட்டாருக்கு வருத்தம் ஏற்படுவது இயல்பு. அந்த வருத்தம்தான் பல வீடுகளில் அடியாகவும் அதட்டலாகவும் மாறுகிறது. சிக்கல் முற்றத் தொடங்குவதும் அங்கேதான்.

உறுமல் என்பது நாய் கடிக்காமல் இருப்பதற்காகச் செய்யும் முயற்சி. "நீ வந்தால் என் சோறு போய்விடும், தயவுசெய்து விலகிப் போ" என்பதைச் சொல்ல அதற்கு வேறு வழியில்லை. உறுமியதற்காக அடி வாங்கிய நாய்க்குச் சோற்றைப் பற்றிய அச்சம் குறைவதில்லை. உறுமினால் அடி விழும் என்பது மட்டுமே மனத்தில் பதிகிறது. அடுத்த முறை அது எச்சரிக்கையைத் தவிர்த்துவிட்டு நேரே கடிக்கலாம். "எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரெனக் கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் பல, ஒரு காலத்தில் உறுமிக்கொண்டிருந்து, பிறகு உறுமக்கூடாது என்று கற்பிக்கப்பட்டவையே. ஆகவே இங்கே விளக்கப்படும் பயிற்சி நாயின் வாயை அடைப்பதற்கானது அன்று. யாரேனும் அருகே வந்தால் நல்லது நடக்கும் என்று அந்த நாய் தானாகவே எதிர்பார்க்கும்படி செய்வதே இதன் நோக்கம்.

"யார் எஜமானர்" என்ற தவறான கேள்வி

நாய் உறுமினால் அது நம்மை மிஞ்சப் பார்க்கிறது என்றும், தட்டைப் பிடுங்கி "நான்தான் தலைவன்" என்று காட்ட வேண்டும் என்றும் அறிவுரை சொல்வோர் இன்றும் உண்டு. இந்தக் கருத்தின் வேர், ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. தப்பிக்க இடமில்லாத அடைப்பில் ஓநாய்களுக்குள் நடந்த மோதல்களையே அவர் பார்த்தார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் தம் நூலில் அந்தக் கருத்தைப் பரவலாக்கினார். ஆனால் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்தபின், 1999இல் எழுதிய கட்டுரையில் அவரே அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம். சண்டையிட்டுத் தலைமை பிடிக்கும் படை அன்று.

இன்னொன்றும் இங்கே பொருந்தும். வாயருகே இருக்கும் இரையை, கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ள ஓநாய்கூட மேல்நிலையில் உள்ளதற்கு விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்வதுண்டு. உணவைக் காப்பதற்கும் பதவிக்கும் முடிச்சுப் போடுவது ஓநாய்க்கே சரிப்படாதபோது, வீட்டு நாய்க்கு எப்படிச் சரிப்படும்? குப்பைத்தொட்டியருகே நான்கு நாய்களோடு போட்டியிட்டு வளர்ந்த நாட்டு நாய்க்கோ, ஏழெட்டுக் குட்டிகளுக்கு ஒரே தாம்பாளத்தில் தீனி வைக்கும் இடத்தில் வளர்ந்த சாதி நாய்க்கோ, வாயில் உள்ளதைக் காப்பது பிழைப்புக்கான பாடம். நம் வீட்டில் அந்தப் பாடம் தேவையில்லை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அறிகுறிகளைப் படிக்கப் பழகுங்கள்

உறுமலுக்கு முன்பே நாய் பலவற்றைச் சொல்லிவிடுகிறது. எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம் தின்னும் நாயைத் தொலைவிலிருந்து கேளுங்கள்: நாக்கின் சப்புக்கொட்டும் ஓசையும், தட்டு தரையில் உரசி நகரும் ஓசையும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். யாரேனும் நெருங்கும்போது முதலில் அந்த ஓசை வேகமெடுக்கும். இருப்பதை விழுங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அது. இன்னும் நெருங்கினால் ஓசை சட்டென நின்றுவிடும். வாய் தட்டுக்குள்ளேயே இருக்கும், தலை இன்னும் தாழும், கழுத்தும் தோளும் விறைக்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டுவதால் விழியோர வெள்ளை பிறை போலத் தெரியும். இந்த உறைநிலை ஒரு நொடிதான் நீடிக்கும். இதைக் கவனிக்கத் தெரிந்தவர் உறுமலைக் கேட்க வேண்டிய நிலைக்கே போவதில்லை.

அதற்குப் பிறகே உடலைக் குறுக்கே வைத்துத் தட்டை மறைப்பதும், உறுமலும், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவதும், காற்றைக் கடிப்பதும், கடைசியில் கடியும் வருகின்றன. எல்லா நாயும் இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். அடிபட்ட நாய்கள் நடுவில் உள்ளவற்றைத் தாண்டிவிடும்.

வாலை மட்டும் நம்ப வேண்டாம். உடல் முழுதும் நெளிய, வால் தளர்ந்து வீசப்பட்டால் அது மகிழ்ச்சி. உடல் விறைத்திருக்க, உயர்ந்த வாலின் நுனி மட்டும் படபடத்தால் அது பதற்றம். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு வால் இயல்பாகவே மேல்நோக்கிச் சுருண்டிருப்பதால் வாலைவிட முதுகையும் வாயையும் பார்ப்பது நல்லது. வீட்டார் "குற்றவுணர்ச்சி" என்று சொல்லும் அந்தக் கூனிக்குறுகிய பார்வையும் அப்படித்தான்: நாய் உண்மையில் தவறு செய்ததா என்பதைவிட, உரிமையாளர் திட்டுகிறாரா என்பதைப் பொறுத்தே அந்தப் பார்வை வருகிறது என்பதை நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கைப்பேசியை ஓர் ஓரத்தில் சாய்த்து வைத்து இரண்டு மூன்று வேளை உணவைப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓசை நிற்கும்போது நீங்கள் எத்தனை அடி தொலைவில் இருந்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முழுவதற்கும் அந்த எண் தேவைப்படும்.

முதல் படி: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென வந்திருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்கும் முன் உடலைச் சோதிக்க வேண்டும். பல்வலி, காதுப் புண், மூட்டுவலி ஆகியவை நாயை எரிச்சல்படுத்தும். குடற்புழு இருந்தால் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ஸ்டீராய்டு மாத்திரைகளும், வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் மாத்திரையும் பசியைக் கடுமையாகத் தூண்டக்கூடியவை. இவற்றை உட்கொள்ளும் நாய் சோற்றைக் காப்பதில் வியப்பில்லை. கூடவே, உணவின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வேளை மட்டும் பால்சோறு போடப்படும் நாயிடம் பசியே முதல் காரணமாக இருக்கலாம். ஒரு நாள் உணவை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, குறித்த நேரத்தில் வைப்பதே சில நாய்களிடம் பாதிச் சிக்கலைக் குறைத்துவிடும்.

இரண்டாம் படி: உறும வேண்டிய தேவையையே நீக்குங்கள்

பயிற்சி பலன் தரும்வரை நாய் தன் சோற்றைக் காக்கும் சந்தர்ப்பமே வரக்கூடாது. ஒவ்வொரு முறை உறுமி வெல்லும்போதும் அந்தப் பழக்கம் இறுகுகிறது. தட்டைச் சமையலறை வாசலிலும் நடைவழியிலும் வைக்காமல், கதவு உள்ள அறையிலோ, யாரும் ஏறி இறங்காத மாடிப்படித் திருப்பத்திலோ வையுங்கள். தின்று முடித்து நாய் வெளியே வந்தபின் தட்டை எடுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் சோறு வையுங்கள். எலும்பு, மெல்லத் தரும் தோல்துண்டு போன்றவற்றைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் தளர்வே கூடாது: நாய் தின்னும்போது கதவு தாழிடப்பட்டிருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும், ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "எங்க காலத்துல தட்டுல கைய விட்டுக் கொழப்பித்தான் நாயப் பழக்குவோம்" என்று பெரியவர் யாரேனும் தொடங்கினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நாம் சாப்பிடும் இலையில் ஒருவர் கை விட்டுத் துழாவினால் நமக்கு அவர்மேல் நம்பிக்கையா வளரும்? தின்னும்போது கை நுழைவது தொல்லை என்பதைத்தான் அது கற்பிக்கும்.

மூன்றாம் படி: சோற்றைவிடச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

தட்டில் உள்ளதைவிட உங்கள் கையில் உள்ளது மேலானதாக இருக்க வேண்டும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை ஆகியவை பெரும்பாலான நாய்களிடம் எடுபடும். சைவ வீடுகளில் பன்னீர் உதவும். துண்டு பச்சைப் பட்டாணி அளவு இருந்தால் போதும். நாய்க்கு எண்ணிக்கைதான் கணக்கு. இந்தத் துண்டுகள் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும், அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழம்பில் இருந்து கழுவி எடுத்த கறித்துண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டாலும் நஞ்சு. வேகவைத்த எலும்பு கூரான சில்லுகளாக உடையும்.

நான்காம் படி: தொலைவிலிருந்து தொடங்கும் பயிற்சி

இதன் அடிப்படை ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களிடம் கண்டறிந்ததுதான். உணவுக்கு முன்னறிவிப்பாகத் தொடர்ந்து வரும் எதுவும், காலப்போக்கில் உணவு தரும் உணர்வையே எழுப்பத் தொடங்கும். ஆனால் வரிசை முக்கியம். நீங்கள் நெருங்குவது முதலில், கறித்துண்டு அதன்பின். துண்டை முதலில் ஆட்டிக் காட்டிக்கொண்டே நெருங்கினால், கறித்துண்டு தெரிவதே ஆபத்தின் அறிகுறி என்று நாய் தலைகீழாகக் கற்றுக்கொள்ளக்கூடும்.

படத்தில் பார்த்தபோது ஆறடியில் நாய் உறைந்தது என்றால் பத்தடியில் தொடங்குங்கள். தட்டில் சாதாரண உணவை வைத்துவிட்டு விலகிப் போங்கள். நாய் தின்னத் தொடங்கியபின், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நடந்து பத்தடிக் கோட்டுக்கு வாருங்கள், ஒரு துண்டைத் தட்டருகே விழும்படி எறியுங்கள், உடனே திரும்பிப் போய்விடுங்கள். நின்று பார்க்காதீர்கள், பெயர் சொல்லிக் கொஞ்சாதீர்கள். பலரும் தவறுவது இந்தத் திரும்பிப் போவதில்தான். நாய் தின்பதைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் விலகுவது அதற்குக் கறித்துண்டுக்கு நிகரான இன்னொரு பரிசு. ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும்.

எப்போது நெருங்கலாம் என்பதை நாயே சொல்லும். உங்கள் காலடி ஓசை கேட்டவுடன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாய் தளர்ந்து, வால் மெதுவாக ஆட, "இன்னும் வருமா" என்பதுபோல் பார்க்கத் தொடங்கும். இந்தப் பார்வை அடுத்தடுத்த சில வேளைகளில் தொடர்ந்து வந்தால் ஓரடி குறைக்கலாம். ஓசை நின்று உடல் விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். பேசாமல் விலகி, அடுத்த வேளை முந்தைய தொலைவுக்கே போங்கள். சில நாய்கள் இரண்டு வாரத்தில் தட்டருகே வரவிடும்; சில மாதக்கணக்கில் எடுக்கும். காலத்தை நாள்காட்டியில் குறித்துவைத்துப் பயிற்றுவது வீண்.

தட்டை ஒட்டி நின்று துண்டைத் தட்டுக்குள் போடும் அளவுக்கு வந்தபின், தொலைவை விட்டுவிட்டு அசைவுகளைக் கூட்டுங்கள். சற்றுக் குனிந்து போடுவது, பிறகு நன்றாகக் குனிவது, பிறகு ஒரு கை தட்டின் விளிம்பைத் தொட மறுகை துண்டைப் போடுவது என்று போய், கடைசியில் தட்டை ஓர் அங்குலம் தூக்கி, கறியைச் சேர்த்து, திருப்பி வைப்பதில் முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் தளர்ந்த உடல்தான் அடுத்ததற்கான அனுமதிச்சீட்டு.

இத்தனையும் உங்களிடம் பழகிய நாய், உங்கள் அண்ணனிடம் மறுபடி உறுமும், ஏமாற்றம் வேண்டாம். ஓரிடத்தில், ஒருவரிடம் கற்றதைப் பிற இடத்துக்கும் பிறருக்கும் தானாக விரித்துக்கொள்வதில் நாய்கள் மெதுவானவை. வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரும் தொலைவிலிருந்தே தொடங்க வேண்டும்; இரண்டாமவருக்கு ஆகும் காலம் பெரும்பாலும் குறைவு. தீவனத்தில் பழகியபின் கறிச்சோற்றிலும் இதையே மறுபடி செய்ய வேண்டும். குழந்தைகள் இந்தப் பயிற்சியில் ஒருபோதும் பங்கேற்க வேண்டாம்.

உறுமும் நாய்க்குக் கறி கொடுத்தால் உறுமலுக்கே பரிசு கொடுத்ததாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விளைவு நன்றாக இருந்தால் செயல் பெருகும் என்ற விதி எட்வர்ட் தார்ண்டைக், பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர்களின் காலத்திலிருந்து உறுதிப்பட்டது. ஆனால் இங்கே நாய் உறுமாத தொலைவில்தான் நாம் நிற்கிறோம். அமைதியாக இருக்கும்போதுதான் துண்டு விழுகிறது. உறுமல் அச்சத்திலிருந்து எழுவது; அச்சம் வடிந்தால் அதற்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: "விடு" என்ற சொல்

செருப்பு, காலுறை, டிவி ரிமோட் என்று உணவல்லாதவற்றையும் சில நாய்கள் காக்கும். துரத்தினால் அது விளையாட்டாகும். வாயைப் பிளந்து பிடுங்கினால் போராகும். நாய்க்குப் பெரிய ஆசையில்லாத பொம்மை ஒன்றைக் கொடுத்து, "விடு" என்று சாதாரணக் குரலில் ஒரு முறை சொல்லி, பின் கறித்துண்டை மூக்கருகே காட்டுங்கள். பொம்மை விழுந்தவுடன் இரண்டு மூன்று துண்டுகளைத் தரையில் போட்டு, அது தின்னும்போது பொம்மையை எடுத்து, தின்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டுக்கொடுத்தால் துண்டும் கிடைக்கும், பொருளும் திரும்பி வரும் என்பதே பாடம். இது இயல்பானபின் ஆசை மிகுந்த பொருள்களுக்குப் போகலாம். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும்.

பழகுவதற்குள் ஆபத்தான எதையேனும் கவ்விவிட்டால், கைப்பிடி நிறையக் கறித்துண்டுகளைப் பக்கத்து அறையில் இறைத்து, நாய் அங்கே போனதும் கதவைச் சாத்திவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புக்கு ஒரு மூடிய அலமாரி வாங்குவது இந்தப் பயிற்சி முழுவதையும்விட மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்டனை ஏன் வேண்டாம்

அடிக்கக்கூடாது என்பது இரக்கத்தால் மட்டும் சொல்லப்படுவது அன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை நடத்தை மருத்துவப் பிரிவுக்கு நாய்களைக் கொண்டுவந்த உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அடித்தல், நாயைப் பார்த்துத் தாமும் உறுமுதல், வாயிலுள்ளதைப் பலவந்தமாகப் பிடுங்குதல் ஆகியவற்றைச் செய்துபார்த்தவர்களில் பத்தில் ஏறக்குறைய நால்வர், நாய் தங்களிடம் ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள். 2020இல் வெளியான போர்ச்சுகல் ஆய்வு ஒன்று 92 நாய்களை ஒப்பிட்டது. தண்டனை சார்ந்த பள்ளிகளில் பயின்றவை பயிற்சியின்போது அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன. பயிற்சிக்குப்பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடியிருந்தது. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் இறைச்சி இருக்கும், மறுபக்கத்தில் இருக்காது என்று கற்பித்து, பிறகு நடுவில் கிண்ணத்தை வைத்தபோது, மிகக் கடுமையாகப் பயிற்றப்பட்டவை தயங்கித் தயங்கி வந்தன. நல்லதை எதிர்பார்க்கும் பழக்கமே அவற்றிடம் குன்றியிருந்தது. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை பிரிட்டனின் வேல்ஸ் 2010லேயே தடைசெய்துவிட்டது. நம் கடைகளில் அது இன்னும் தொங்குகிறது.

எப்போது தனியாக முயலக்கூடாது

தோல் கிழியும்படி ஏற்கெனவே கடித்திருந்தாலோ, எச்சரிக்கையே இல்லாமல் பாய்ந்தாலோ, வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலோ, படுக்கையையும் ஆட்களையும்கூட நாய் காத்தாலோ, நடத்தை அறிந்த கால்நடை மருத்துவரின் மேற்பார்வை தேவை. பயிற்சியாளரைத் தேடும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?" விரல் நொடியில் சங்கிலியை இழுத்துக்காட்டுபவரையும், பத்து நாள் தம்மிடம் விட்டுவிட்டால் திருத்தித் தருவதாகச் சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

கடி பட்டால், வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று இருந்துவிடாமல் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குட்டியாக இருக்கும்போதே

குட்டி வாங்கியவர்களுக்கு வேலை எளிது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வின்படி, ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையான காலத்தில் நாய்க்குட்டி மனிதர்களோடு பழகுவது வாழ்நாள் முழுதும் நிலைக்கும். குட்டி தின்னும்போது போகிற போக்கில் தட்டில் ஒரு முட்டைத் துண்டைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். வளர்ந்து, பயிற்சி முடிந்த நாய்க்கும் வாரத்துக்கு ஓரிரு முறை இதைத் தொடர்வது நல்லது. உறவினர் நிறைந்த திருவிழா நாள்களில் மட்டும், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், அதன் தட்டைப் பழையபடி கதவுக்குப் பின்னேயே வையுங்கள்.